அமெரிக்கக் கல்லூரி மகளிர் டென்னிஸ்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் மகள் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக மகளிர் டென்னிஸ் அணியில் நான்கு ஆண்டுகள் ஆடினாள். அவள் விமானம் ஏறிய நாளிலிருந்து, டென்னிஸ் ஆடும் பெண்ணைப் பெற்றவர்கள் யாராவது போனில் கூப்பிட்டு விவரம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதி வைத்திருக்கிறேன். இங்கே சொல்வது என்.சி.ஏ.ஏ. என்கிற தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பின் மேல்மட்டப் பிரிவான முதல் டிவிஷனைப் பற்றி. வேறு டிவிஷனைப் பற்றியது என்றால் அந்தந்த இடத்தில் குறிப்பிட்டிருக்கிறேன்.

டென்னிஸ் தனியாள் ஆட்டமாயிற்றே, அதில் அணி என்றால் என்ன?

இரண்டு கல்லூரிகள் மோதுவதற்கு டூவல் மேட்ச் என்று பெயர். மொத்தம் 7 புள்ளிகள், யார் முதலில் 4 எடுக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. முதலில் மூன்று இரட்டையர் ஆட்டங்கள் ஒரே நேரத்தில் தொடங்கும். ஒவ்வொன்றும் ஒரே ஒரு செட். மூன்றில் இரண்டை வென்ற அணிக்கு ஒரு புள்ளி. மூன்றையும் வென்றாலும் அதே ஒன்றுதான் என்பதால், இரண்டு முடிந்ததுமே மூன்றாவதைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள். பிறகு ஆறு ஒற்றையர் ஆட்டங்கள், மூன்றில் இரண்டு செட், ஆளுக்கு ஒரு புள்ளி. கோர்ட் போதுமான அளவு இருந்தால் ஆறும் ஒன்றாகவே நடக்கும்.

இதன் விசித்திரம் நேரில் பார்த்தால்தான் புரியும். உங்கள் பெண் ஒரு செட் முன்னிலையில் அருமையாக ஆடிக்கொண்டிருப்பாள். பக்கத்துக் கோர்ட்டில் அணிக்கு நான்காவது புள்ளி விழுந்துவிடும். அவ்வளவுதான், பந்தைக் கீழே போட்டுவிட்டு அவளும் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொள்வாள். அவள் ஆட்டம் 'முடியவில்லை' என்று பதிவாகும். வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. முதல் வருஷம் எனக்கு இது ஜீரணமாகவே இல்லை.

அதற்கு நேரெதிர் 3-3. ஐந்து கோர்ட் காலியாகி, ஆடி முடித்தவர்கள் தண்ணீர் பாட்டிலோடு ஆறாவது கோர்ட்டின் கம்பி வேலியில் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். 2021 தேசிய இறுதிப் போட்டியில் டெக்சஸும் பெப்பர்டைனும் அப்படி 3-3 என்று நின்றபோது, கடைசி ஆட்டத்தை வென்று பட்டத்தை டெக்சஸுக்கு வாங்கிக் கொடுத்தவர் லூலு சன். அதே லூலு சன்தான் 2024இல் தகுதிச்சுற்றிலிருந்து கிளம்பி விம்பிள்டன் காலிறுதி வரை போனார்.

டியூஸ், அட்வான்டேஜ் எல்லாம் கிடையாதாமே?

கிடையாது. 40-40 வந்தால் ஒரே ஒரு பாயின்ட், அதை எடுத்தவருக்கு கேம். எந்தப் பக்கம் சர்வை வாங்குவது என்பதைத் திருப்பி ஆடுபவர் முடிவு செய்வார். நீண்ட ராலி ஆடி எதிராளியைக் களைக்கவைத்து ஜெயிக்கும் பிள்ளைகளுக்கு முதல் ஆறு மாதம் இது பெரிய இடி. ஜூனியர் போட்டிகளில் டியூஸ் டியூஸாக இழுத்து எடுத்த கேம்கள் இங்கே ஒரே அடியில் கைவிட்டுப் போகும். சர்வும் ரிட்டர்னும் கெட்டியாக உள்ளவர்களுக்கு லாபம்.

ஒன்று முதல் ஆறு வரை யார் எந்த இடத்தில் ஆடுவது என்று யார் முடிவு செய்வது?

தலைமைப் பயிற்சியாளர். ஆனால் அவர் இஷ்டத்துக்கு அல்ல. ஒற்றையரில் திறமை வரிசைப்படிதான் இறக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. எதிரணியின் முதல் ஆளுக்கு நம் ஆறாவது ஆளைப் பலி கொடுத்துவிட்டு மிச்ச ஐந்தையும் சுருட்டிக்கொள்ளும் தந்திரம் செல்லாது. வரிசை சந்தேகமாக இருந்தால் எதிரணி ஆட்சேபிக்கலாம்.

இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் பல நேரம் மயிரிழைதான். பயிற்சியில் ஒருவரையொருவர் வைத்து ஆடவிடுவார்கள், அதன் பின்னால் வரும் முகச்சுளிப்புகளையும் சமாளிப்பார்கள். ஒரு நல்ல பயிற்சியாளர் வரிசையை மாற்றினால், அட்டையில் ஏற்றும் முன் அந்தப் பெண்ணைத் தனியாக அழைத்துக் காரணம் சொல்வார். பெயர்ப் பட்டியலை ஒட்டிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆட்டத்தின் நடுவே பயிற்சியாளர் பேசலாமா?

தாராளமாக. கோர்ட்டுக்குள்ளேயே வந்து நிற்கலாம், ஆட்டத்தைத் தாமதப்படுத்தாதவரை பாயின்ட்டுகளுக்கு நடுவிலும் சொல்லலாம், பக்கம் மாறும்போது பக்கத்தில் உட்கார்ந்தும் பேசலாம். ஜூனியர் டென்னிஸில் கேலரியிலிருந்து அப்பா இருமினாலே நடுவர் முறைப்பார். அங்கிருந்து வரும் பிள்ளைகளுக்கு இது வேறு உலகம்.

ஆனால் கோர்ட் ஆறு, பயிற்சியாளர்கள் இரண்டு மூன்று பேர். யார் எங்கே நிற்பது என்பதே ஒரு கலை. என் மகளின் அணியில் ஒரு துணைப் பயிற்சியாளர் இருந்தார். பாக்கெட்டில் கைக்கு அடக்கமான நோட்டு வைத்திருப்பார். பக்கம் மாறும்போது வந்து முழங்காலிட்டு உட்கார்ந்து, "அவளோட கடைசி மூணு ரிட்டர்ன் எங்க விழுந்துச்சு?" என்று மட்டும் கேட்பார். இவள் யோசித்துச் சொல்வதற்குள் பதற்றம் பாதி அடங்கிவிடும். பதிலை அவர் ஏற்கெனவே நோட்டில் குறித்துவைத்திருப்பார் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. இன்னொருவர், 4-5 என்று பின்தங்கிய நேரத்தில் வந்து பிடிமானத்தைத் திருத்தப் பார்ப்பார். அவர் வருவதைப் பார்த்தாலே பிள்ளைகள் துண்டால் முகத்தை மூடிக்கொள்வார்கள்.

பயிற்சிக் குழுவில் யார் யார் இருப்பார்கள்?

தலைமைப் பயிற்சியாளர், அவருக்குக் கீழே இணைத் தலைமைப் பயிற்சியாளர் அல்லது துணைப் பயிற்சியாளர். முன்பெல்லாம் சம்பளமில்லாத தன்னார்வப் பயிற்சியாளர் என்று ஒரு பதவி உண்டு. 2023இல் அதை ஒழித்து, அவர்களையும் முறையான கணக்கில் சேர்த்துவிட்டார்கள். நல்ல காரியம், சம்பளமில்லாமல் உழைக்க வசதியுள்ளவர்கள்தான் அந்தத் தொழிலுக்குள் நுழைய முடியும் என்ற நிலை அதோடு கொஞ்சம் மாறியது.

தலைமைப் பயிற்சியாளரின் நேரத்தில் பெரும்பகுதி கோர்ட்டில் கழியாது. ஆள் சேர்ப்பது, பயணத் திட்டம், பட்ஜெட், நன்கொடையாளர்களைச் சந்திப்பது, விதிமுறைப் படிவங்கள் என்று போய்விடும். பல அணிகளில் தினசரி கூடை நிறையப் பந்து போட்டுத் தருவது துணைப் பயிற்சியாளர்தான். ஆகவே உங்கள் பெண்ணின் ஆட்டம் யார் கையில் வளரப்போகிறது என்று கேட்டால், இரண்டாவது நாற்காலியில் இருப்பவரைப் பாருங்கள் என்பேன்.

அவர்களைத் தவிர, உடல்வலுப் பயிற்சியாளர், படிப்பு ஆலோசகர், சில இடங்களில் உணவியல் நிபுணர், விளையாட்டு உளவியலாளர் ஆகியோர் உண்டு. பெரும்பாலும் இவர்கள் பல அணிகளுக்குப் பொது. 'அத்லெடிக் ட்ரெய்னர்' என்ற பெயரைக் கேட்டு உடற்பயிற்சி சொல்லித் தருபவர் என்று நம்மவர்கள் நினைத்துக்கொள்வார்கள். இல்லை. காயத்தைப் பார்ப்பவர், கட்டுப் போடுபவர், ஆடலாமா கூடாதா என்று மருத்துவரோடு கலந்து சொல்பவர். என் மகள் மணிக்கட்டு வலியை மூன்று வாரம் மறைத்து ஆடினாள். பயிற்சியாளர்கள் யாரும் கவனிக்கவில்லை. அவள் இடது கையால் கதவைத் திறப்பதைப் பார்த்துக் கண்டுபிடித்தவர் ட்ரெய்னர்.

மகளிர் அணிக்கு ஏன் இத்தனை ஆண் பயிற்சியாளர்கள்?

நியாயமான கேள்வி, பதில் கொஞ்சம் கசப்பு. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்த 'டைட்டில் நைன்' சட்டம் 1972இல் வந்தபோது, பெண்கள் கல்லூரி அணிகளுக்குப் பயிற்சி தந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் பெண்கள். சட்டத்தால் பெண்கள் அணிகளுக்குப் பணமும் மதிப்பும் வந்தன. கூடவே அந்த வேலைகளைத் தேடி ஆண்களும் வந்தார்கள். பெண் பயிற்சியாளர்களின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

டென்னிஸில் மட்டும் பார்த்தாலும், 2021 முதல் 2025 வரை பட்டம் வென்ற டெக்சஸ் (இரண்டு முறை), வட கரோலினா, டெக்சஸ் ஏ அண்டு எம், ஜார்ஜியா அணிகள் எல்லாவற்றுக்கும் தலைமைப் பயிற்சியாளர் ஆண்தான். அதற்கு முன் 2019இல் வென்ற ஸ்டான்ஃபோர்டு அணிக்கு லீலி ஃபோரூட். அவர் அதே கல்லூரியில் ஆடியவர், 2000இல் தலைமைப் பொறுப்பேற்று 10 தேசியப் பட்டங்கள் வென்றவர். அவருக்கு முன் இருந்த ஃபிராங்க் பிரென்னனும் 10 வென்றிருந்தார். 1982இல் என்.சி.ஏ.ஏ. மகளிர் போட்டி தொடங்கியதிலிருந்து ஸ்டான்ஃபோர்டு எடுத்த 20 பட்டங்களும் இந்த இரண்டே பேர் காலத்தில் வந்தவை. வேடிக்கை என்னவென்றால், ஃபோரூட்டுக்குப் பல்லாண்டு இணைத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் அந்த பிரென்னனின் மகன்.

யூ.சி.எல்.ஏ. என்கிற லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஸ்டெல்லா சாம்ப்ரஸ் வெப்ஸ்டர் 2008இலும் 2014இலும் பட்டம் வாங்கிக் கொடுத்தார். பீட் சாம்ப்ரஸின் அக்கா. மறுபுறம், 2007இல் ஜார்ஜியா டெக் பெண்களை வெல்லவைத்த பிரையன் ஷெல்டன், 2021இல் ஃபுளோரிடா ஆண்கள் அணியோடும் வென்றார். இரண்டு பட்டமும் வென்ற ஒரே பயிற்சியாளர் அவர். ஆணா பெண்ணா என்பதை மட்டும் வைத்து நான் தேர்வு செய்யமாட்டேன். ஆனால் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்கிறாரா என்று பார்ப்பேன். மாதவிடாய் வலியைச் சொல்ல யாரைத் தேடிப் போவது என்று பதினெட்டு வயதுப் பெண் யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது.

லைன் கால் யார் சொல்வது?

ஆடுபவர்களே. நடுவர் தவறென்று கண்டால் மாற்றிச் சொல்வார். சண்டை வரும். பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு வருஷம் எப்படி ஓடும்?

ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை தனிநபர் போட்டிகள். கல்லூரி டென்னிஸ் சங்கமான ஐ.டி.ஏ. நடத்தும் ஆல் அமெரிக்கன் போட்டி, வட்டாரப் போட்டிகள் எல்லாம் இந்தக் காலத்தில். தேசிய ஒற்றையர், இரட்டையர் பட்டங்களும் முன்பு மே மாதத்தில் அணிப் போட்டி முடிந்த கையோடு நடந்தன. பரிசோதனையாக 2024இல் அவற்றை நவம்பருக்கு மாற்றி, டெக்சஸ் மாநிலத்தின் வேகோவில் நடத்தினார்கள்.

அணி ஆட்டம் ஜனவரியில் ஆரம்பம். முதலில் கிக்ஆஃப் வார இறுதி, பிப்ரவரியில் தேசிய உள்ளரங்கப் போட்டி, மார்ச், ஏப்ரலில் கான்ஃபரன்ஸ் (கல்லூரிகள் சில சேர்ந்த கூட்டமைப்பு) ஆட்டங்கள். மே மாதத்தில் 64 அணிகள் மோதும் தேசியப் போட்டி. முதல் 16 தரவரிசை அணிகளின் ஊர்களில் முதல் சுற்றுகள், பிறகு சூப்பர் ரீஜனல் என்கிற அடுத்த சுற்று, கடைசி எட்டு அணிகள் ஒரே ஊரில் கூடும். ஜனவரி முதல் மே வரை வார இறுதி என்று ஒன்று இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் மகள் இரண்டு தேர்வுகளை விமான நிலையத் தரையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள்.

படிக்க நேரம் கிடைக்குமா?

விதிப்படி, போட்டிக் காலத்தில் ஒரு நாளுக்கு 4 மணி நேரம், வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் கட்டாயப் பயிற்சி கூடாது. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. மற்ற காலத்தில் வாரத்துக்கு 8 மணி நேரம். இது காகிதக் கணக்கு. ஒரு போட்டி எத்தனை மணி நேரம் இழுத்தாலும் கணக்கில் 3 மணி நேரம் என்றுதான் ஏறும். பயணம் கணக்கில் வராது. ஐஸ் தொட்டியில் உட்காருவதும் ட்ரெய்னரிடம் கட்டுப் போட்டுக்கொள்வதும் வராது. 'விருப்பமிருந்தால் வரலாம்' என்று சொல்லும் பயிற்சிக்கு வராமல் இருக்கும் துணிச்சல் முதலாண்டு மாணவிக்கு இருக்காது. பொறியியல், நர்ஸிங் போல ஆய்வகமும் களப்பணியும் உள்ள படிப்பு என்றால், அதே படிப்பைப் படித்த அணி மாணவி யாராவது இருக்கிறாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். இருந்தால் முடியும் என்று பொருள்.

முழு ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?

இதற்குத்தான் போன் அதிகம் வரும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் அண்மையில் எல்லாம் மாறிவிட்டது.

பழைய ஏற்பாட்டில் முதல் டிவிஷன் மகளிர் டென்னிஸ் அணிக்கு 8 ஸ்காலர்ஷிப், தலைக்கு ஒன்று. துண்டு போட முடியாது. ஆகவே கிடைத்தால் பெரும்பாலும் முழுசாகக் கிடைக்கும். ஆண்கள் அணிக்கு 4.5தான், அதை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் பிய்த்துக் கொடுக்கலாம். பெண்களுக்கு ஏன் அதிகம்? அமெரிக்கக் கால்பந்து அணிக்கு மட்டும் 85 ஸ்காலர்ஷிப் போனது. டைட்டில் நைன் கேட்கும் சமநிலைக்கு மற்ற விளையாட்டுகளில் பெண்களுக்குக் கூட்டித் தர வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்துக்கு முன்பு நிலைமை எப்படி என்பதற்கு பில்லி ஜீன் கிங்கே சாட்சி: 1961இலேயே விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்றவர், லாஸ் ஏஞ்சலஸில் ஸ்காலர்ஷிப் இல்லாமல் படித்தார். அதே ஊரில் ஆண் ஆட்டக்காரரான ஆர்தர் ஆஷ் யூ.சி.எல்.ஏ.வில் ஸ்காலர்ஷிப்போடு ஆடிக்கொண்டிருந்தார்.

கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய 'ஹவுஸ்' வழக்கின் சமரசத்தை 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றது. அதன்படி சேர்ந்த கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் எண்ணிக்கை வரம்பு போய், அணியின் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வந்தது. டென்னிஸுக்கு 10 பேர். பத்துப் பேருக்கும் முழுசாகத் தரலாம், பாதி பாதியாகத் தரலாம், சிலருக்கு ஒன்றுமே தராமலும் இருக்கலாம். கல்லூரிகள் இப்போது விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகவும் பணம் தரலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு சுமார் 2.05 கோடி டாலர். அதில் பெரும்பங்கு கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது, டென்னிஸ் பட்ஜெட்டை அது கடிக்கவும் செய்யலாம். சமரசத்தில் சேராத கல்லூரிகள் பழைய வரம்பிலேயே இருக்கின்றன. ஆகவே "ஸ்காலர்ஷிப் உண்டு" என்று பயிற்சியாளர் சொன்னால் நான்கு விஷயம் கேளுங்கள்: எத்தனை சதவீதம், எத்தனை வருஷத்துக்கு, காயம்பட்டால் என்ன, கோடை வகுப்புக்கும் சேர்த்தா.

ஹார்வர்டு, பிரின்ஸ்டன் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் தருவதில்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி மட்டும். மூன்றாம் டிவிஷனிலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. இரண்டாம் டிவிஷனில் பகுதி ஸ்காலர்ஷிப் உண்டு.

பயிற்சியாளருக்கு எப்போது எழுத வேண்டும், என்ன எழுத வேண்டும்?

உங்கள் பெண் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். அவர்கள் பதில் எழுத அனுமதி பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 முதல். அதற்கு முன் பதில் வரவில்லை என்றால் வருந்த வேண்டாம்.

கடிதத்தைப் பெண்ணே எழுதட்டும். அப்பா எழுதியதை மூன்றாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள், நான் எழுதி மாட்டிக்கொண்டவன். யூ.டி.ஆர். எண் (ஆட்டத் திறமையைக் காட்டும் மதிப்பீடு), சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பான ஐ.டி.எஃப்.பின் ஜூனியர் தரவரிசை, மதிப்பெண், எந்த ஆண்டு சேர விருப்பம், பத்து நிமிட வீடியோ. வீடியோவில் வின்னர்களை மட்டும் வெட்டி ஒட்டாதீர்கள். வெட்டாத முழு கேம்கள் நாலைந்து போதும்; தப்பு செய்த பிறகு எப்படி நடந்துகொள்கிறாள் என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். அந்தக் கல்லூரி அணியின் ஐந்தாவது, ஆறாவது ஆட்டக்காரிகளின் யூ.டி.ஆர். என்ன என்று நீங்களும் பாருங்கள். உங்கள் பெண்ணின் எண் அதற்கு அருகில் இருந்தால்தான் பேச்சு முன்னே போகும்.

கூடவே, என்.சி.ஏ.ஏ. தகுதி மையத்தில் பதிவு செய்ய வேண்டும். உயர்நிலைப் பள்ளியின் 16 முக்கியப் பாடங்களைச் சரிபார்ப்பார்கள். ஒன்பதாம் வகுப்பு மார்க் ஷீட்டைத் தொலைத்துவிட்டு அலைந்த குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே மூன்று.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, ஒரு வருஷம் டோர்னமென்ட் ஆடிவிட்டுப் போகலாமா?

யோசித்துச் செய்யுங்கள். டென்னிஸுக்கு மற்ற விளையாட்டுகளைவிடக் கறாரான விதி இருந்துவருகிறது. பள்ளி முடித்து 6 மாதத்துக்குப் பிறகும் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தால், கல்லூரியில் ஆடும் ஆண்டுகளில் ஒன்று பறிபோகலாம். இந்த விதிகளை அடிக்கடி மாற்றுகிறார்கள், ஆகவே சேரும் ஆண்டின் விதியைக் கல்லூரியில் விதிமுறைகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் வாய்வார்த்தை போதாது.

பரிசுப் பணம் வாங்கலாமா?

அதிலும் அதே எச்சரிக்கை. வெகுகாலம் இருந்த விதி: சேர்வதற்கு முன் ஆண்டுக்கு 10,000 டாலர் வரை பரிசுப் பணம், அதற்கு மேல் செலவுக்கணக்கு மட்டும். 2024 யு.எஸ். ஓபனில் தகுதிச்சுற்று தாண்டி இரண்டாம் சுற்று வரை போன ஆஸ்திரேலியாவின் மாயா ஜாயிண்ட், டெக்சஸில் படிக்கப்போவதால் 1,40,000 டாலர் பரிசில் பெரும்பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டிய நிலை. அதே ஆண்டு மார்ச்சில் வட கரோலினா ஆட்டக்காரி ரீஸ் பிராண்ட்மையர் இந்த விதிகளை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தார். ஒரு விளம்பரத்துக்கு லட்சம் டாலர் வாங்கலாம், தன் ராக்கெட்டால் சம்பாதித்ததை வாங்கக் கூடாது என்ற அந்த விதி எனக்கு இன்றைக்கும் புரியாத தர்மம்.

விளம்பர வருமானம் வெளிநாட்டு மாணவிக்கும் உண்டா?

2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். ஆனால் எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு வேலை செய்து சம்பாதிக்கக் கட்டுப்பாடுகள் உண்டு. அணித்தோழி செய்கிறாள் என்று நம் பெண்ணும் ஒரு வீடியோவில் நடித்துக் காசு வாங்கினால் விசாவுக்கே ஆபத்து வரலாம். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் ஒரு டாலர்கூட வேண்டாம். முதல் டிவிஷன் மகளிர் டென்னிஸில் பாதிக்கும் மேல் வெளிநாட்டு மாணவிகள் என்பதால், அந்த அலுவலகத்துக்கு இது பழகிப்போன கேள்விதான்.

கல்லூரிக்குப் போனால் புரொபஷனல் கனவு முடிந்ததா?

முன்பு அப்படிச் சொல்வார்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு ஆடி 2014, 2016 தேசிய ஒற்றையர் பட்டங்களை வென்ற டேனியல் காலின்ஸ், 2022 ஆஸ்திரேலிய ஓபன் இறுதிப் போட்டிக்குப் போனார், 2024இல் மயாமி ஓபனை வென்றார். யூ.சி.எல்.ஏ.வின் 2014 பட்ட அணியில் இருந்த ஜெனிஃபர் பிரேடி, 2021 ஆஸ்திரேலிய ஓபன் இறுதியில் ஆடினார். எம்மா நவாரோ 2021 கல்லூரிச் சாம்பியன். ஹைதராபாத் பக்கத்துப் பெண் சஹஜா யமலபள்ளி சாம் ஹூஸ்டன் ஸ்டேட்டில் ஆடியவர். 2024 மும்பை ஓபனில் போட்டித் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அமெரிக்காவின் கேலா டேயை வீழ்த்தினார். ஆண்களில், சென்னையில் ஆடி வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் 2007, 2008 இரண்டு ஆண்டும் தேசிய ஒற்றையர் பட்டம் வென்றதை நம் தலைமுறைக்கு நினைவிருக்கும்.

ஆனால் அணியில் பத்துப் பேர் இருந்தால், புரொபஷனல் போட்டிகளில் நிலைப்பது ஒருவர்கூட இல்லாத ஆண்டுகளே அதிகம். என் மகளின் அணித்தோழிகளில் இப்போது ஒருத்தி கணக்காளர், ஒருத்தி பிசியோதெரபிஸ்ட், இருவர் பயிற்சியாளர்கள்.

சேர்ந்த பிறகு பயிற்சியாளர் வேலையை விட்டுப் போய்விட்டால்?

எங்களுக்கு நடந்தது. இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில், அவளைத் தேர்ந்தெடுத்த தலைமைப் பயிற்சியாளர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். எங்களுக்கு வந்தது குழு மின்னஞ்சலில் இரண்டு வரி. புதிதாக வந்தவர் தன் ஆட்களைச் சேர்த்தார், என் மகள் மூன்றாம் இடத்திலிருந்து ஐந்துக்கு இறங்கினாள். ஸ்காலர்ஷிப்பில் கை வைக்கவில்லை, அதுவரை நிம்மதி.

இப்போது டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்கிற, கல்லூரி மாற விரும்புவோர் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு வேறு கல்லூரிக்கு மாறலாம். 2024 ஏப்ரலில் வந்த மாற்றத்துக்குப் பிறகு, படிப்பில் தகுதி இருந்தால் ஒரு வருஷம் காத்திருக்காமல் உடனே ஆடலாம். ஆனால் போர்ட்டலில் பெயர் ஏறியதும் இருக்கும் கல்லூரி ஸ்காலர்ஷிப்பை நிறுத்தலாம், புது இடம் உறுதி கிடையாது, கிரெடிட் சில ஒத்துவராமல் போகலாம். அவள் இரண்டு வாரம் யோசித்துவிட்டு அங்கேயே இருந்தாள். காரணம் பயிற்சியாளர் இல்லை, நோட்டுக்காரத் துணைப் பயிற்சியாளர் போகாமல் இருந்ததும், அறைத்தோழியும்தான்.

ஆகவே சேரும் முன்பே கேளுங்கள்: தலைமைப் பயிற்சியாளரின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது? கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள், அவர்கள் ஊரில் இது சாதாரணம்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது எதைக் கவனிப்பது?

உள்ளரங்கக் கோர்ட்டையும் பெரிய லாக்கர் அறையையும் அவர்களே காட்டுவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அவர்கள் காட்டாததை. பயிற்சி முடிந்து பந்து பொறுக்குவது யார்? எல்லாரும் சேர்ந்து பொறுக்கினால் நல்ல அணி. முதலாண்டுப் பிள்ளைகள் மட்டும் குனிந்துகொண்டிருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். ஆட்ட வரிசையில் இடம் கிடைக்காத ஏழாவது, எட்டாவது பெண்களோடு தனியாக ஐந்து நிமிடம் உங்கள் மகள் பேசட்டும். முதல் இடத்துப் பெண்ணிடம் கேட்டால் எந்த அணியும் சொர்க்கம்தான். கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை பேர் மாறிப் போனார்கள் என்று கல்லூரி வலைத்தளத்தின் பழைய அணிப் பட்டியல்களை ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்.

பெற்றோர் ஆட்டத்தில் எங்கே உட்காரலாம்? கத்தலாமா?

கத்தலாம். கல்லூரி டென்னிஸில் மௌனம் எதிர்பார்க்கப்படுவதில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டு உற்சாகப்படுத்துவார்கள், எதிரணிக்காரர்களும் அப்படியே. எதிராளி பெண்ணைத் தனிப்பட்டு ஏசினால் வெளியே அனுப்புவார்கள். ஆட்டத்தில் யோசனை சொல்வது பயிற்சியாளர் வேலை. என் மகள் முதல் வருஷமே என்னை அழைத்து, "அப்பா, நீங்க ஆறாவது கோர்ட் பக்கம் போய் உக்காருங்க" என்றாள். அவள் அப்போது மூன்றாவது கோர்ட்டில் ஆடிக்கொண்டிருந்தாள். நான்கு வருஷமும் ஆறாவது கோர்ட் ஓரம்தான் உட்கார்ந்தேன், அங்கே ஆடிய பெண்களின் பெற்றோர் எல்லாரும் இன்றைக்கும் எனக்கு நண்பர்கள்.